கடைமடையில் காணாமல் போன ஃபிக்ஸ்: நான்கு ஆண்டெனாவை வைத்துத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதம் இரண்டாவது வாரம். காவிரி டெல்டாவில், தலைஞாயிறுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கடைமடைக் கிராமத்தில் வடிகால் தூர்வாருவதற்கு முன் லெவல் எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. காலை பதினொன்றரை மணி இருக்கும், சர்வேயர் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, ரோவர் ஃபிக்ஸ் ஆக மாட்டேங்குது. ஃப்ளோட்லயே நிக்குது. திடீர்னு ரெண்டு நிமிஷம் நல்லா இருக்கு, திரும்பப் போயிடுது. ரெண்டு நாளா இதே பாடு."

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்டிகே என்பது செயற்கைக்கோள் சிக்னலை வைத்துச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடமும் லெவலும் எடுக்கும் முறை. ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் ரிசீவர் பேஸ், அளக்கும் இடத்துக்கு எடுத்துப்போவது ரோவர். சென்டிமீட்டர் துல்லியம் கிடைத்துவிட்டால் ஃபிக்ஸ், இன்னும் கிடைக்கவில்லை என்றால் ஃப்ளோட். சர்வே கருவிகளைப் பழுது பார்ப்பதும் அவற்றின் ஆண்டெனா, ரேடியோ வேலைகளும்தான் என் தொழில். திருத்துறைப்பூண்டியில் இருக்கிறேன். கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும், மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆர்டிகே வைத்து வேலை செய்கிறவர்களுக்கும், பல ஆண்டெனாவைச் சேர்த்து வைக்கும் ஆண்டெனா வரிசை என்றால் ராணுவச் சமாச்சாரம், நமக்கு எட்டாது என்று நினைக்கிறவர்களுக்கும் பயன்படும்.

அந்த இடத்தில் சென்டிமீட்டருக்கு என்ன மதிப்பு என்பதை முதலில் சொல்ல வேண்டும். கடைமடை வடிகாலின் சரிவைச் சென்டிமீட்டர் கணக்கில்தான் பேச முடியும். ஐந்து சென்டிமீட்டர் தப்பாக எடுத்து அந்த லெவலுக்கு பொக்லைன் வெட்டிவிட்டால், கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வயலிலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாவும் தாளடியும் அழுகுவதற்கு அது ஒன்றே போதும். நாளும் கையில் அதிகம் இல்லை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அதற்கு மேல் வாய்க்காலில் இயந்திரம் இறக்க முடியாது.

வானத்தின் மேல் போட்ட பழி

பேஸ் ஸ்டேஷனைப் பஞ்சாயத்துக் கட்டடத்தின் மாடியில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் திறந்த வானம், அருகில் மரம் இல்லை. புத்தகத்தில் சொல்லியிருப்பது போலவே நல்ல இடம். பேஸ் கணக்கிடும் திருத்தங்கள் சிம் கார்டு வழியாக ரோவருக்குப் போகும். முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டு இரண்டு சிம் மாற்றினார்கள், பிறகு ஆண்டெனா கேபிளை மாற்றினார்கள். எதிலும் குணமில்லை.

ரோவர் இருந்த இடம் பேஸிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அங்கே ரோவரின் சொந்த சிக்னல் அருமையாக இருந்தது. கெட்டுப்போனது பேஸ். ஆனால் தொல்லை தெரிந்ததெல்லாம் ரோவரின் திரையில். இதைப் புரிந்துகொள்ளவே ஒரு நாள் போயிற்று. ஆர்டிகேயில் பேஸுக்குத் தெரியாத செயற்கைக்கோள் ரோவருக்கும் உதவாது. பேஸின் கண்ணை ஒருவர் மூடினால் அதை நம்பி வயலில் நிற்கும் அத்தனை ரோவரும் குருடாகிவிடும்.

அடுத்து அயனமண்டலத்தை, அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கைச் சந்தேகப்பட்டேன். நம் ஊரில் அது நியாயமான சந்தேகம். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்த பிறகு அந்தப் பகுதியின் மேலடுக்கில் குமிழ்கள் கிளம்பும். அவற்றின் வழியாக வரும் சிக்னல், நீருக்கடியில் கிடக்கும் காசு போல மினுங்கும். டெல்டாவில் இரவு எட்டு மணிக்கு ஆர்டிகே வேலை செய்து பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் பங்குனி, சித்திரையிலும் புரட்டாசி, ஐப்பசியிலும்தான் ஓங்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். எங்கள் தொல்லை காலை பதினொன்றுக்கும் வந்தது, மாலை ஏழுக்கும் வந்தது.

இதைவிட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. மினுங்கல் ஒவ்வொரு செயற்கைக்கோளையும் தனித்தனியாகப் பிடிக்கும். தெற்கே இருப்பது தத்தளிக்கும்போது வடக்கே இருப்பது நிம்மதியாக இருக்கும். பேஸின் பதிவை எடுத்து, இரைச்சலை விடச் சிக்னல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்று காட்டும், சர்வேயர்கள் எஸ்என்ஆர் என்று சொல்லும் எண்ணை ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் வரைந்து பார்த்தேன். 44, 45 என்று இருந்தவை எல்லாம் ஒரே விநாடியில் 25-க்கு விழுகின்றன. உச்சியில் இருப்பதும் அடிவானத்தில் இருப்பதும் சேர்ந்தே விழுகின்றன, சேர்ந்தே எழுகின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் தலை குனிந்தால், குறை வானத்தில் இல்லை. பக்கத்தில் ஏதோ சத்தம் போடுகிறது.

இன்னொன்றையும் பதிவு சொன்னது. விழுந்ததெல்லாம் எல்1 என்ற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே. 1176.45 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் எல்5 அசையவில்லை. நம் நாவிக் செயற்கைக்கோள்களின் எல்5 சிக்னல் கோடு போட்டது போல் நேராக இருந்தது. 1602 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி இருக்கும் ரஷ்யாவின் குளோனாஸும் பிழைத்தது. ஆக, குறுகலான ஒரு சத்தம், சரியாக எல்1-இன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"அண்ணே, புதன்கிழமை மட்டும் நாள் முழுக்க ஃபிக்ஸ் நின்னுச்சு" என்றார் தம்பி, தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே. புதன்கிழமை என்ன விசேஷம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே. மாசாந்திர கரண்ட் கட். பேஸ் பேட்டரியில ஓடுச்சு."

அந்த ஒரு வரியை அவர் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். அவர் மேல் குற்றமில்லை, நான்தான் கேட்கவில்லை. கரண்ட் இல்லாத நாளில் சத்தமும் இல்லை என்றால், சத்தம் போடுவது டிவி போல வீட்டுக் கரண்டில் ஓடும் ஏதோ ஒரு கருவி.

ஏன் நான்கு ஆண்டெனா

தரைக்கு வந்து சேரும் ஜிபிஎஸ் சிக்னல் எவ்வளவு மெலிந்தது என்று பார்த்தால்தான் அடுத்தது விளங்கும். செயற்கைக்கோள் இருப்பது 20,200 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மறுபடி நூறாகப் பிரித்தால் வருவதுதான் நம் ஆண்டெனாவுக்குக் கிடைக்கும் திறன். ரிசீவரின் சொந்த வெப்ப இரைச்சலோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்கு. குறியீடு தெரிந்திருப்பதால்தான் அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து அதை மீட்டு எடுக்கிறோம். நூறு, நூற்றைம்பது மீட்டர் தூரத்திலிருந்து ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு கசிந்தால் போதும், அது ஜிபிஎஸ்ஸை விட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாகக் கேட்கும்.

ஃபில்டர் போடலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். ஃபில்டர் அலைவரிசையைப் பார்த்துப் பிரிக்கும். இங்கே திருடனும் வீட்டுக்காரனும் ஒரே சட்டை போட்டிருக்கிறார்கள். சத்தம் ஒரே புள்ளியில் நின்றாலாவது அந்தப் புள்ளியை மட்டும் வெட்டி எறியலாம். இது ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இங்குமங்கும் ஆடியது. அலைவரிசையாலும் பிரிக்க முடியாது, நேரத்தாலும் பிரிக்க முடியாது என்றால் மிச்சம் இருப்பது திசை. செயற்கைக்கோள்கள் வானம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சத்தம் ஒரு திசையிலிருந்து வருகிறது. டெல்டா போன்ற சமவெளியில் அது கிட்டத்தட்ட அடிவானத்தை ஒட்டித்தான் வரும். அந்தத் திசையை மட்டும் செவிடாக்கிவிட்டால், இழப்பது அந்தப் பக்கம் தாழ இருக்கும் ஒன்றிரண்டு செயற்கைக்கோள்களைத்தான்.

ஒற்றை ஆண்டெனாவால் இது முடியாது. இரண்டு ஆண்டெனாவை அரை அலைநீளம் தள்ளி வைத்தால், ஒரு பக்கத்திலிருந்து வரும் அலை ஒன்றை முன்னதாகவும் மற்றதைப் பின்னதாகவும் தொடும். அந்த முன்பின்னைக் கணக்கிட்டு, ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழும்படி கூட்டினால் அந்தத் திசை செத்துப்போகும். மற்ற திசைகள் உயிரோடு இருக்கும். எல்1-இன் அலைநீளம் 19 சென்டிமீட்டர், பாதி ஒன்பதரை. நான்கு ஆண்டெனா இருந்தால் இப்படி மூன்று திசைகளை அடைக்கலாம், ஏழு இருந்தால் ஆறு. போர் விமானங்களிலும் கப்பல்களிலும் வைக்கும் வட்டத் தட்டுகள் பல, ஏழு ஆண்டெனா கொண்டவை.

இந்த யோசனை ஜிபிஎஸ்ஸை விடப் பழையது. ரேடார் போன்றவற்றுக்காக 1960-களில் ஹவல்ஸ், ஆப்பிள்பாம், விட்ரோ என்ற பொறியாளர்கள் தாமாகவே சரிசெய்துகொள்ளும் ஆண்டெனாக்களுக்கு அடித்தளம் போட்டார்கள். எங்களுக்குப் பயன்பட்ட முறை 1979-இல் காம்ப்டன் எழுதிய 'பவர் இன்வெர்ஷன்' என்பது. அதன் கட்டளை மிகச் சின்னது. நான்கில் ஒன்றை அப்படியே விட்டுவிடு. மற்ற மூன்றையும் எப்படிக் கலந்தால் மொத்தச் சத்தம் மிகக் குறைவாகுமோ அப்படிக் கலந்துகொள். சத்தம் எந்தத் திசை, செயற்கைக்கோள் எந்தத் திசை, எதுவும் தெரிய வேண்டாம்.

சத்தத்தையெல்லாம் குறை என்றால் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து அழிந்துவிடாதா? அழியாது. ஜிபிஎஸ் இரைச்சலுக்குக் கீழே புதைந்து கிடப்பதால், அது இருப்பதே இந்தக் கணக்குக்குத் தெரியாது. கணக்கின் கண்ணுக்குப் படுவது ஓங்கி நிற்கும் சத்தம் ஒன்றுதான், அதை மட்டும் போய் அமுக்கும். முதன்முதலில் இதைப் படித்தபோது அன்று இரவு முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பலவீனமாக இருப்பதாலேயே தப்பிக்கிற சிக்னல்.

தப்பான வீடு

செய்தது இவ்வளவுதான். அலுமினியத் தகடு ஒன்று. அதன் மேல் பேட்ச் எனப்படும் தட்டையான ஆண்டெனாக்கள் நான்கு, ஒன்பதரை சென்டிமீட்டர் சதுரத்தின் நான்கு மூலைகளில். ஒரே கடிகாரத்தில் ஓடும் ஐந்து சேனல் எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ ரிசீவர்) ஒன்றை, கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பரிடமிருந்து வாங்கி வந்தேன். ஒரு லேப்டாப். ஜிஎன்எஸ்எஸ்-எஸ்டிஆர் என்ற இலவச மென்பொருள். ஐந்து மீட்டர் கேபிள் நான்கு, ஒரே சுருளிலிருந்து ஒரே அளவாக வெட்டியவை.

பஞ்சாயத்து மாடியில் பேஸுக்குப் பக்கத்திலேயே தகட்டை வைத்தோம். நான்கு சேனலும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று நான்குக்கு நான்கு மேட்ரிக்ஸாகக் கணக்கிட்டால், எத்தனை பேர் சத்தம் போடுகிறார்கள் என்பது அதிலிருந்து கிடைக்கும் ஐகன் மதிப்புகள் என்ற நான்கு எண்களில் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் ஓங்கி நின்றது, மற்ற மூன்றும் தரையோடு தரையாக. ஒரே ஆள்தான்.

எந்த ஆண்டெனாவை எவ்வளவு கலப்பது என்ற எடைகளைக் கணக்கிட்டுப் போட்டவுடன் 25-இல் கிடந்த எண்கள் 42, 43-க்கு ஏறின. தம்பி என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 38-க்கு இறங்கியிருந்தது. காரணம் நான் செய்த பிழை. எடைகளை ஒரு தடவை கணக்கிட்டு அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். மாடியில் கறுப்புக் கேபிள் வெயிலில் கிடக்கிறது. ஐந்து மீட்டர் கேபிளுக்குள் எல்1-இன் அலை கிட்டத்தட்ட நாற்பது இருக்கும். ஒரு கேபிள் நிழலிலும் மற்றது வெயிலிலும் இருந்தால், அந்த நாற்பது அலையில் சிறு பின்னம் நீண்டால் கூட அலையின் கட்டம், அதாவது அதன் மேடும் பள்ளமும் வரும் நேரம், பத்துப் பதினைந்து டிகிரி மாறிவிடும். பத்து டிகிரி பிசகினால் பதினைந்து டெசிபெல்லுக்கு மேல் அமுக்க முடியாது. எடைகளை நூறில் ஒரு விநாடிக்கு ஒரு தடவை புதிதாகக் கணக்கிடும்படி மாற்றியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கேபிள் எப்படி நீண்டாலும் அடுத்த கணக்கு அதையும் சேர்த்தே சரிக்கட்டிக்கொள்ளும்.

சத்தத்தை அமுக்கியாயிற்று, இனி அது எங்கிருந்து வருகிறது என்று தேடலாம் என்று இறங்கினோம். நான்கு ஆண்டெனாவின் கட்ட வேறுபாட்டிலிருந்து திசை வரும். கம்ப்யூட்டர் காட்டிய கோடு தென்மேற்கில் ஓர் ஓட்டு வீட்டில் போய் நின்றது. நாங்கள் இருவரும் போய் நின்றோம். திண்ணையில் ஓர் ஆயா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயா, உங்க வீட்டு டிவியைக் கொஞ்சம் நிறுத்திப் பாக்கலாமா?"

"டிவியா? அது பழுதாயி ஆறு மாசமாச்சு தம்பி. நீங்க ரிப்பேருக்கா வந்தீங்க?"

இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த டிவியைத் திறந்து பார்த்தேன். பவர் சப்ளையில் இரண்டு கெப்பாசிட்டர் உப்பியிருந்தன. மறுநாள் கொண்டுவந்து மாற்றிக் கொடுத்தேன்.

எங்கே தப்பு? சத்தத்தை அமுக்குவதற்கும் திசையைச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே உறைத்தது. அமுக்கும்போது கேபிள், பெருக்கி, சேனல் எதில் எவ்வளவு பிசகு இருந்தாலும் எடைகளே சமன் செய்துவிடும், எனக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. திசை கேட்டால் அப்படியல்ல. கேபிளில் ஏற்பட்ட கட்ட மாற்றத்தையும் வானில் ஏற்பட்ட கட்ட மாற்றத்தையும் கணக்கு பிரித்தறியாது. எஸ்டிஆருக்குள்ளேயே ஒத்திசைவுக்கு ஓர் இரைச்சல் மூலம் இருக்கிறது. அது சரிசெய்வது கருவியின் வாசல் வரைக்கும்தான். வாசலுக்கு வெளியே இருக்கும் ஐந்து மீட்டர் கேபிளும் ஆண்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கியும் அதன் கணக்கில் வராது. நாற்பது டிகிரி கட்டப் பிழை என்றால் திசை பதின்மூன்று டிகிரி விலகும். நூற்றிருபது மீட்டர் தூரத்தில் அது இருபத்தேழு மீட்டர். ஆயா வீட்டுக்கும் சரியான வீட்டுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம்.

தெரிந்த இடத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்துச் சரிபார்ப்பது சுலபமான வழி. அந்த அலைவரிசையில் அனுமதியில்லாமல் ஒலிபரப்புவது சட்ட விரோதம், பக்கத்து ஊரில் இன்னொருவர் பேஸைக் கெடுப்பதும் ஆகும். அதைச் செய்யவில்லை. வானத்தில் ஏற்கெனவே டிரான்ஸ்மிட்டர்கள் இருக்கின்றனவே. எந்த நேரத்தில் எந்தச் செயற்கைக்கோள் எந்தத் திசையில், எந்த உயரத்தில் என்பது துல்லியமாகத் தெரியும். இரவு பதினொன்றுக்கு மேல், ஊர் அடங்கி சத்தமும் அடங்கிய பிறகு, ஒவ்வொரு செயற்கைக்கோளையும் நான்கு சேனலிலும் தனித்தனியே பின்தொடர்ந்து, வர வேண்டிய கட்டத்துக்கும் வந்த கட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தோம். பதினோரு செயற்கைக்கோள்கள் கிடைத்தன. நான்கு சேனலின் பிழையும் அதில் வெளியே வந்தது. கேபிளையும் ஐந்து மீட்டரிலிருந்து நாற்பது சென்டிமீட்டராகக் குறைத்து, எஸ்டிஆரைத் தகட்டுக்கு அடியிலேயே கட்டி, சுற்றிலும் ஈரச் சாக்குப் போட்டோம்.

மறுநாள் மாடியிலிருந்து ஒரு கோடு, வாய்க்கால் சட்ரஸ் மதகின் மேலிருந்து ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தம்பி கிராம வரைபடத்தில் குறித்தார். பிளேன் டேபிள் காலத்து வேலைதான் இது. அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்துப் பிடித்த கோட்டை நாங்கள் ரேடியோவால் பிடித்தோம். இரண்டு மாடி வீடு ஒன்றின் மொட்டை மாடியில் போய்க் குத்தியது புள்ளி.

பச்சை பூத்த கனெக்டர்

அந்த வீட்டு அக்கா எங்களை நம்பவில்லை. "நல்லா ஓடிக்கிட்டிருக்க டிவிக்கும் உங்க சர்வேக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. அவருடைய மகன் பத்தாவது படிக்கிறான், அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. ரிமோட்டை அவன் கையில் கொடுத்து, நான் கூடத்தில் நின்றுகொண்டேன். தம்பி பஞ்சாயத்து மாடியில் லேப்டாப்பைப் பார்த்தபடி போனில்.

"இப்ப?"

"இருக்குண்ணே."

"சேனல் மாத்துப்பா. இப்ப?"

"இருக்கு... போயிடுச்சுண்ணே! மறுபடி வந்துடுச்சு!"

பையன் சேனலை மாற்ற மாற்ற, நூற்றிருபது மீட்டருக்கு அப்பால் ஜிபிஎஸ் செத்துச் செத்துப் பிழைத்தது. விட்டு விட்டு வருவதன் ரகசியம் அதுதான். செட்டாப் பாக்ஸ் சில சேனல்களுக்கு 13 வோல்ட்டும் சிலவற்றுக்கு 18 வோல்ட்டும் கேபிள் வழியாக மேலே அனுப்பும், டிஷ் எந்த முனைவாக்கத்தை, அதாவது எந்தத் திசையில் ஆடும் அலையைப் பிடிக்க வேண்டும் என்பதற்கான சைகை அது. 18 வோல்ட் போகும்போது மட்டும் சத்தம்.

மொட்டை மாடியில் டிஷ்ஷிலிருந்து கீழே கூடம் வரைக்கும் நீளமான கேபிள். படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று நடுவில் யாரோ ஒரு லைன் ஆம்ப்ளிஃபையரைச் சேர்த்திருக்கிறார்கள். கட்டைவிரல் அளவு இருக்கும், இரண்டு பக்கமும் கனெக்டர். டேப் சுற்றியிருந்ததை உரித்தால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்று. கேபிளின் மேல்வலை கையில் எடுத்ததும் பொடியாக உதிர்ந்தது.

டிஷ் வானிலிருந்து பிடிப்பது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை. கேபிளில் அனுப்புவதற்காக டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற கருவி அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்கித் தருகிறது. ஜிபிஎஸ்ஸின் மூன்று அலைவரிசைகளுமே இந்த எல்லைக்குள் வருகின்றன. அந்த ஆம்ப்ளிஃபையர் இதே எல்லையில் நூறு மடங்கு பெருக்கும். மேல்வலை ஒழுங்காக இருந்தால் எதுவும் வெளியே வராது. அது உதிர்ந்துபோனதால் வெளியேறிய சிக்னல் மறுபடி உள்ளே நுழைந்து, பெருகி, மறுபடி வெளியேறி, கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'ஊ' என்று கத்துமே, அது போல 1575-இல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. 13 வோல்ட்டில் அந்த ஊளைக்குத் தெம்பு பத்தவில்லை.

ஆம்ப்ளிஃபையரை எடுத்துவிட்டு, சுற்றி வளைத்துப் போயிருந்த கேபிளை நேராக இழுத்து, புதுக் கனெக்டர் இரண்டு போட்டு, ரப்பர் டேப் சுற்றினேன். படம் முன்னைவிடத் தெளிவாக வந்தது. மேட்ரிக்ஸின் அந்த ஓங்கிய மதிப்பு தரைக்கு இறங்கியது. அக்கா காபி கொடுத்தார்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த அதிசயமில்லை. கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் என்ற துறைமுகத்தில் 2001-இல் ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போய், வாரக்கணக்கில் தேடிய பிறகு பிடிபட்டவை டிவி ஆண்டெனாக்களுக்குள் இருந்த பெருக்கிகள். வேண்டுமென்றே செய்தவர் எவருமில்லை. அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில் கதை வேறு. முதலாளிக்குத் தன் வண்டி இருக்கும் இடம் தெரியக் கூடாது என்று லாரிக்காரர்கள் வைத்துக்கொண்ட சின்ன ஜாமர்கள், சாலையில் போகிற போக்கில் விமானங்களை இறக்க உதவும் நிலையத்தைத் தடுமாற வைத்தன. நம் நாட்டிலும் ஜாமர் வைத்திருப்பது அனுமதியில்லாமல் முடியாது. பெரிய தொல்லை என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கு எழுதலாம், சென்னையில் அவர்களுக்கு நிலையம் இருக்கிறது. நாங்களும் எழுத உட்கார்ந்தோம், அதற்குள் பையன் ரிமோட்டை அழுத்திவிட்டான்.

பேஸின் மேல் நிரந்தரமாக வைக்கலாமா

தம்பி கேட்ட கேள்வி இது. "அண்ணே, இந்தத் தகட்டையே பேஸ் ஆண்டெனாவா வச்சிட்டா இனிமே எவன் ஊளையிட்டாலும் கவலையில்லையே?" இடம் தெரிந்தால் போதும் என்கிற வேலைக்கு, தாராளமாக. லெவல் எடுக்கும் பேஸுக்கு வேண்டாம் என்றேன்.

காரணம், ஆர்டிகே அளப்பது எல்1 அலையின் கட்டத்தை. 19 சென்டிமீட்டர் அலையில் 20 டிகிரி பிசகினால் ஒரு சென்டிமீட்டர் போச்சு. நான்கு ஆண்டெனாவை எடை போட்டுக் கலக்கும்போது, அந்தக் கலவை செயற்கைக்கோளின் கட்டத்தையும் இழுத்துவிடும். எவ்வளவு இழுக்கும் என்பது சத்தம் வரும் திசையையும் செயற்கைக்கோளின் திசையையும் பொறுத்தது, எடைகள் மாற மாற அதுவும் மாறும். எண் 43 என்று அழகாக நிற்கும், ஃபிக்ஸ் என்று பச்சை விளக்கு எரியும், லெவல் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் பொய் சொல்லும். தொல்லை கண்ணுக்குத் தெரிந்த ஃப்ளோட்டை விட, தெரியாத இந்தப் பொய்க்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஒவ்வொரு திசைக்கும் வரிசையை முன்கூட்டியே அளந்து வைத்து, கலவை இழுத்ததைத் திருத்திக் கொடுக்கும் முறைகள் உண்டு. அதற்கு அளவைக் கூடமும் நல்ல ரிசீவரும் வேண்டும், வெயிலில் கிடக்கும் அலுமினியத் தகட்டில் அது வராது.

என் கருத்தில் இந்த வரிசைக்கு டெல்டாவில் உண்மையான இடம் இரண்டு. பேஸ் நிலையங்களுக்குப் பக்கத்தில் காவலாளியாக ஒன்று. அளக்க வேண்டாம், எப்போது எந்தத் திசையில் சத்தம் என்று மட்டும் சொன்னால் போதும். இன்னொன்று கடற்கரையில். கோடியக்கரையிலிருந்தும் நாகையிலிருந்தும் போகும் படகுக்கு எல்லை எங்கே என்பதை ஜிபிஎஸ்தான் சொல்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் படகும் ஆளும் என்ன ஆவார்கள் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிக்னல் இல்லாமல் போனால் ஓட்டுபவருக்குத் தெரியும், எச்சரிக்கையாவார். பொய் சிக்னல் வந்தால் தெரியாது. பஞ்சாப், ஜம்மு எல்லைப் பகுதியில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை விமானங்களுக்கு இப்படி 465 குறுக்கீடுகள் நடந்ததாக நாடாளுமன்றத்திலேயே அரசு சொல்லியிருக்கிறது. பொய் சிக்னலை ஒற்றை ஆண்டெனா நம்பிவிடும். இரண்டு மூன்று ஆண்டெனா இருந்தால் பொய் உடனே பிடிபடும். உண்மையான செயற்கைக்கோள்கள் எட்டுத் திசையிலிருந்தும் வரும். பொய்யானவை பத்தும் ஒரே கம்பத்திலிருந்து, ஒரே கட்ட வேறுபாட்டோடு வரும். படகுக்கு ஏழு ஆண்டெனா தேவையில்லை. சென்டிமீட்டரும் தேவையில்லை. ஒரு மரப்பலகையில் மூன்று பேட்ச் வைத்து, 'இது பொய்' என்று ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் போதும். அதைத்தான் இப்போது என் மேசையில் செய்துகொண்டிருக்கிறேன். படகு ஆடும்போது வரும் கணக்கு இன்னும் சரியாகப் படியவில்லை.

வடிகால் வேலையைப் பழைய பேஸ், பழைய ஆண்டெனாவோடுதான் முடித்தோம். தொல்லை இருந்த நாட்களில் எடுத்த புள்ளிகள் அனைத்தையும் தம்பி அடித்துவிட்டு மறுபடி எடுத்தார். மதகுக்கு மதகு ஆட்டோ லெவலிலும் ஓட்டிப் பார்த்தோம். நான் கண்ணாடியில் பார்க்க, அவர் வெயிலில் ஸ்டாஃப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு இடத்தில் பார்த்ததில் அதிகபட்ச வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். ஜூன் முதல் வாரம் பொக்லைன் இறங்கியது.